அலுமினிய இன்ஜினுக்கு எந்த கூலன்ட்: பச்சையா, சிவப்பா, நீலமா?

9 ஏப்ரல் 2025, மாலை. ஆவடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

"பத்து வருஷ ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். இன்ஜினோட உடம்பு (பிளாக்), அதை மேலே மூடற பாகம் (ஹெட்) ரெண்டுமே அலுமினியம். ரிசர்வ் டேங்க்ல இருக்கிறது பச்சையா பழுப்பான்னு சொல்ல முடியல. எங்க ஏரியா மெக்கானிக், 'மெட்ராஸ்ல என்ன பனியா கொட்டுது, சும்மா தண்ணி ஊத்து, போதும்'ங்கிறார். ஜி.பி. ரோடு கடையில 'அலுமினியம்னா சிவப்புதான் சார், பச்சை இரும்புக்கு'ன்னு ஒரு பாட்டிலை நீட்டினாங்க. யார் பேச்சைக் கேட்கிறது?"

9 ஏப்ரல், இரவு

ரெண்டு பேர் பேச்சையும் கேட்காதீங்க.

நான் மெக்கானிக் இல்ல. வேளச்சேரியில சின்னதா டிராவல்ஸ் நடத்தினவன். வண்டி நின்னா வருமானம் நிக்கும்ங்கிறதால ரேடியேட்டர் சமாச்சாரத்தைக் காசு கொடுத்துக் கத்துக்கிட்டேன்.

மெக்கானிக் சொன்னதுல பாதி நிஜம். உறையற பிரச்சினை நமக்குக் கிடையாது. ஆனா கூலன்ட்ல, உறையாம தடுக்கிற திரவமான கிளைக்கால் மட்டும் இல்ல, அரிப்பைத் தடுக்கிற மருந்தும் கலந்திருக்கு. அலுமினிய இன்ஜினுக்கு உயிரே அந்த மருந்துதான். அம்பாசடர் காலத்துல பிளாக்கும் இரும்பு, ஹெட்டும் இரும்பு. குழாயடித் தண்ணி ஊத்தினாலும் துருப்பிடிச்சுக்கிட்டே வருஷக்கணக்கா ஓடும். இப்போ மாருதி கே சீரிஸ், ஹூண்டாய் கப்பா எல்லாம் முழு அலுமினியம். உங்க மெக்கானிக்கோட யோசனை ஒரு தலைமுறை லேட்டு.

கடைக்காரர் சொன்னது மொத்தமும் தப்பு. நிறம் வெறும் சாயம். எந்த மருந்துக்கு எந்த நிறம்னு எல்லா கம்பெனியும் ஒத்துக்கிட்ட விதி எதுவும் இல்ல. டொயோட்டாவோட லாங் லைஃப் பழைய சரக்கு சிவப்பு, இப்போ வர்றது பிங்க். ஹோண்டா நீலம். சுஸுகியில பச்சை ஒண்ணு, நீலம் ஒண்ணு. ஃபோக்ஸ்வாகன்ல ஜி11 நீலப்பச்சை, ஜி12 சிவப்பு, ஜி13 ஊதா. கடை ஷெல்ஃப்ல வரிசையா பார்த்தா ஜூஸ் கடைதான். எது எதுக்குன்னு பாட்டிலோட பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கும்.

வண்டியோட கையேட்டைத் திறந்து கூலன்ட் பக்கத்தை ஒரு படம் எடுத்து இங்கே போடுங்க. அப்புறம் பேசுவோம்.

10 ஏப்ரல்

அம்பாசடர் காலத்து பிரீமியர் பத்மினி கார்ல அப்பவே அலுமினிய ஹெட் இருந்ததேன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். இருந்தது, பிளாக் மட்டும் இரும்பு. சூட்டுல அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். நடுவுல கசிவை அடைக்கிற கேஸ்கெட் ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் தேய்படும். அந்த வகை இன்ஜின்ல ஓவர்ஹீட்டுக்கு மன்னிப்பே கிடையாது. பல டீசல் வண்டிங்க இன்னும் அப்படித்தான், ஃபியட்டோட 1.3 மல்டிஜெட் டீசல் இன்ஜின் உட்பட: இரும்பு பிளாக், அலுமினிய ஹெட்.

10 ஏப்ரல், கொஞ்ச நேரம் கழிச்சு

நேத்து எழுதினதுல ஒண்ணு விட்டுப்போச்சு. கொதிநிலை.

கிளைக்கால் கலந்தா கொதிநிலை ஏறும்னு எல்லாரும் சொல்வாங்க. எவ்வளவு ஏறும்? பாதிக்குப் பாதி கலவை திறந்த பாத்திரத்துல 107 டிகிரி பக்கம் கொதிக்கும். 1.1 பார் அழுத்தம் பிடிச்சு வைக்கிற மூடி போட்ட ரேடியேட்டர்ல 129 பக்கம். அதே மூடிக்குக் கீழே வெறும் தண்ணியே 121 வரைக்கும் தாங்கும். கிளைக்கால் தர்றது எட்டு டிகிரிதான், மிச்ச உபயம் மூடியோடது. சூட்டைச் சுமக்கிற சக்தியிலயும் தண்ணிதான் ஒசத்தி: ஒரு கிலோ தண்ணிக்கு 4.18 கிலோஜூல்னா, பாதிக்குப் பாதி கலவைக்கு 3.4 சொச்சம். அதாவது குளிர வைக்கிற வேலையை மட்டும் பார்த்தா மெக்கானிக் ஜெயிச்சுட்டார்.

அவர் தோக்கிற இடம் அரிப்பு. அலுமினியம் காத்து பட்டதும் மேலே ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் கட்டிக்கும். அந்தத் தோல் இருக்கிற வரைக்கும் பத்திரம். அமிலத்திலயும் அது கரையும், காரம் ஏறினாலும் கரையும். நடுவுல கொஞ்ச இடம்தான் அதுக்குச் சௌகரியம். தண்ணியில குளோரைடு இருந்தா நடுநிலையிலயே ஊசி முனை அளவுக்குத் துளை போட ஆரம்பிச்சிடும். கிளைக்காலும் வருஷம் போகப் போக ஆக்சிஜனோட சேர்ந்து அமிலமா மாறும். இந்த எல்லாத்தையும் பிடிச்சு நிறுத்தறது அந்த மருந்து. அது தீர்ந்துபோன கூலன்ட் டேங்க்ல பளிச்சுனு பச்சையாவே நிக்கும், ஏன்னா சாயம் தீராது. கலரைப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு"ன்னு விடறது இதனாலதான் ஆபத்து.

13 ஏப்ரல்

எங்க வண்டி ஒண்ணோட கதை. டிரைவர் தம்பி வாரத்துக்கு ஒரு தடவை வீட்டு போர் தண்ணியை ரிசர்வ் டேங்க்ல ஊத்திக்கிட்டே இருந்திருக்கார். "தண்ணி குறையுதுண்ணே, ஊத்தறேன்"னு என்கிட்டயே சொன்னார், ஏன் குறையுதுன்னு யாரும் கேட்கல. மத்திய கைலாஷ் சிக்னல்ல சூடு ஏறி நின்னுடுச்சு.

புதுப்பேட்டையில ரேடியேட்டர் வேலை பார்க்கிற பெரியவர்கிட்ட கொண்டுபோனோம். மேல் ஹோஸைக் கழட்டினதும் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானப்புறம் கூலன்டை ரேடியேட்டருக்கு விடற வால்வு) மேல இருக்கிற அலுமினிய கழுத்து தெரிஞ்சது. கிளிப் இறுக்கற இடத்துல வெள்ளை மாவு. அதை நகத்தால சுரண்டினார், அடியில உலோகம் சொரசொரன்னு பள்ளம் பள்ளமா இருந்தது. ஒரு பள்ளத்துல குண்டூசியை விட்டார், மறுபக்கம் எட்டிப் பார்த்தது. "லீக்கு இதுதான், ஹோஸு மேல பழி போடாத"ன்னார். அப்புறம் ரேடியேட்டரோட பிளாஸ்டிக் தொட்டியை நெம்பி எடுத்தார். உள்ளே தட்டையான குழாய் வரிசை, பாதி வாய் அடைஞ்சிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால தட்டினதும் பழுப்பும் வெள்ளையுமா செதில் செதிலா தரையில உதிர்ந்தது. ஒரு செதிலை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல நசுக்கினேன், மணலா நொறுங்கல. சுண்ணாம்புக் காரை, கெட்டி.

தம்பி வண்டியில ஊத்தியிருந்த கூலன்ட் கம்பெனி சரக்குதான். அதுல ஒரு குறையும் இல்ல.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்து சொன்னவங்களுக்கு நன்றி. மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுட்டு வந்து எழுதறேன், நீளமா போகும்.

கூலன்ட் வகை. கடைக்குப் போகுமுன்னாடி இதைத் தெரிஞ்சுக்கணும்.

பழைய வகை, ஐஏடிம்பாங்க. சிலிகேட், பாஸ்பேட்னு கனிம உப்புங்க. ஊத்தின உடனே அலுமினியத்து மேல முழுசா ஒரு படலம் போர்த்திடும். வேகமான வேலை, ஆனா மருந்து சீக்கிரம் தீரும். ரெண்டு வருஷத்துல மாத்தணும்.

அடுத்தது ஓஏடி. கரிம அமிலங்களோட உப்பு. இது எல்லா இடத்துலயும் போர்த்தாது, அரிப்பு ஆரம்பிக்கிற இடத்துல மட்டும் போய் ஒட்டும். மருந்து மெதுவா செலவாகும், அஞ்சு வருஷம் தாங்கும். ஆனா பாதுகாப்பு உருவாக நேரம் எடுக்கும்.

ரெண்டையும் கலந்தது ஹைபிரிட். இங்கேதான் ஊருக்கு ஊர் சண்டை. ஐரோப்பாக்காரங்க கரிம அமிலத்தோட கொஞ்சம் சிலிகேட் சேர்த்தாங்க, பாஸ்பேட்டை ஒதுக்கினாங்க. காரணம் அவங்க தண்ணி கடினம், பாஸ்பேட் கால்சியத்தோட சேர்ந்தா படிவம் கட்டும். ஜப்பான்காரங்க சிலிகேட்டை ஒதுக்கினாங்க, பம்ப் சீல் தேயும்னு பயம். அவங்க தண்ணி மென்மை, அதனால தைரியமா பாஸ்பேட் போட்டாங்க. கொரியாக்காரங்களும் அதே வழி.

இப்போ நம்ம தெருவுல நிக்கிற காரைப் பாருங்க. மாருதி, ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா, கியா. பெரும்பாலும் பாஸ்பேட் கோஷ்டி. நம்ம போர்ல வர்றது கால்சியம், மெக்னீசியம், கடலோரமா இருந்தா உப்பும். ஜப்பான் தண்ணியை மனசுல வச்சுத் தயாரிச்ச மருந்தை மடிப்பாக்கம் போர் தண்ணியில கலக்கறோம். புதுப்பேட்டையில உதிர்ந்த செதில் அப்படி வந்ததுதான்.

அதனால "எந்த பிராண்டு"ன்னு கேட்கிறவங்களுக்கு என் பதில் எப்பவும் ஒண்ணுதான்: முதல்ல எந்தத் தண்ணின்னு சொல்லுங்க.

15 ஏப்ரல்

ஆவடி நண்பர் கையேட்டுப் படம் போட்டுட்டார். ஹூண்டாய். அலுமினிய ரேடியேட்டருக்கான எத்திலீன் கிளைக்கால் கூலன்ட், அயனி நீக்கிய தண்ணி இல்லேன்னா மென்தண்ணி, கலவையில கூலன்ட் 35 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது, 60ஐத் தாண்டவும் கூடாது. கம்பெனியே தெளிவா எழுதி வச்சிருக்கு, கையேடு டேஷ்போர்டுல பிளாஸ்டிக் உறையோட தூங்குது.

அதிகமா ஊத்தினா அதிகக் குளிர்ச்சின்னு நினைக்கிறவங்களுக்கும் அந்த 60தான் பதில். சுத்தமான கிளைக்கால் கெட்டி, சூட்டைச் சரியா எடுத்துட்டுப் போகாது. வேடிக்கை என்னன்னா அது மைனஸ் 13 டிகிரியிலயே உறைஞ்சிடும். பாதி தண்ணி சேர்த்தாத்தான் மைனஸ் 37 வரைக்கும் போகும்.

17 ஏப்ரல்

தண்ணி பத்தி வந்த கேள்விங்களுக்கு ஒரே மூச்சுல பதில்.

கேன் தண்ணி? வேணாம். குடிக்க ருசிக்காகக் கொஞ்சம் தாது விட்டுத்தான் தருவாங்க. வீட்டு ஆர்ஓ? போரைவிட எவ்வளவோ மேல், ஆனா கடைசிச் சாய்ஸ். எங்க வீட்டுல டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கிறது) வச்சுப் பார்த்தேன்: போர் 1,400ஐத் தாண்டுது, ஆர்ஓ 70 பக்கம், பேட்டரிக் கடையில வாங்கின டிஸ்டில்டு வாட்டர் 2. குடிதண்ணிக்கு 500க்குள்ள இருந்தா நல்லது, வேற வழியில்லேன்னா 2,000 வரைக்கும் அனுமதின்னு நம்ம இந்தியத் தர விதி. குடிக்கத் தகுதியான தண்ணியே ரேடியேட்டருக்குத் தகுதியில்லாம போகலாம். மெட்ரோ தண்ணி ஏரி நிரம்பியிருக்கிறப்போ ஒரு மாதிரி, கோடையில ஒரு மாதிரி. நம்பாதீங்க.

டிஸ்டில்டு வாட்டர் அஞ்சு லிட்டர் கேன் பேட்டரிக் கடையில கிடைக்குது. சீல் உடையாம இருக்கணும். திறந்த டிரம்ல குழாய் போட்டுப் பிடிச்சுத் தர்ற கடையில மீட்டரை விட்டுப் பாருங்க, சிரிப்பு வரும்.

18 ஏப்ரல்

"ஏசி தண்ணி ஊத்தலாமா? மழைத் தண்ணி மாதிரி சுத்தம்தானே?" பெரம்பூர்ல இருந்து ஒருத்தர். இன்வெர்ட்டருக்கே அதைத்தான் ஊத்தறாராம்.

நல்ல கேள்வி. 2019ல ஏரிங்க வறண்டு லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்னப்போ ஏசித் தண்ணியைப் பிடிச்சு வீடு துடைச்ச ஊரு இது. மீட்டர்ல பார்த்தா ரொம்பக் குறைவாத்தான் காட்டும். ஆனா அந்தத் தண்ணி செம்புக் குழாயையும் அலுமினியத் தகட்டையும் தடவிக்கிட்டு வருது, தூசி பாசியோட. துளியளவு செம்பு அயனி சேர்ந்தாலும் அது அலுமினியத்து மேல படிஞ்சு பக்கத்திலயே குழி பறிக்கும். மீட்டர் மொத்தக் கணக்கைத்தான் சொல்லும், அதுல செம்பு எவ்வளவுன்னு சொல்லாது.

இன்வெர்ட்டர்? அது உங்க இஷ்டம். நான் ஊத்த மாட்டேன்.

18 ஏப்ரல், இரவு

வழியில நின்னுட்டா? அப்போ கையில இருக்கிற எந்தத் தண்ணியும் ஊத்தலாம். இன்ஜினைக் காப்பாத்தறதுதான் முதல்ல. ஆனா அரை மணி, முக்கால் மணி ஆற விட்டு, துணி போட்டு மூடியை மெதுவா திருகி அழுத்தம் போனப்புறம். சூட்டோட திறந்து முகம் வெந்தவங்களைப் பார்த்திருக்கேன். பச்சைத் தண்ணியைக் கொதிக்கிற ஹெட்ல மொத்தமா கொட்டவும் கூடாது, கோணிக்கும் இல்ல விரிசல் விடும். வீடு வந்ததும் முழுசா வடிச்சு மாத்துங்க. அந்த "வந்ததும்"தான் யாரும் செய்யறதில்ல.

22 ஏப்ரல்

கடையில ஏமாறாம இருக்க.

லேபிள்ல 'ரெடி டு யூஸ்'னு இருந்தா அப்படியே ஊத்தணும். 'கான்சென்ட்ரேட்'னு இருந்தாத்தான் தண்ணி கலக்கணும். ரெடி டு யூஸ் வாங்கி ஒண்ணுக்கு மூணு தண்ணி கலக்கிற மெக்கானிக்குங்க நிறைய. மருந்து நாலுல ஒரு பங்காகிப் போகும், கலர் மட்டும் அழகா இருக்கும். தர எண்ணும் பாருங்க: ஐஎஸ் 5759, ஜேஐஎஸ் கே 2234, ஏஎஸ்டிஎம் டி3306, இதுல ஏதாவது ஒண்ணாவது இருக்கணும்.

கலர் தண்ணியை அடைச்சு விக்கிறாங்களோன்னு சந்தேகமா? சமையலறைத் தராசு போதும். பாதிக்குப் பாதி கலவை ஒரு லிட்டர் 1.07 கிலோ பக்கம் நிக்கும், வெறும் தண்ணி 1.00. வெறும் பாட்டில் எடையைக் கழிக்க மறக்காதீங்க. இன்னொரு வழி ஃப்ரீசர். மைனஸ் 18ல பாதிக்குப் பாதி கலவை தண்ணியாவே இருக்கும், 30 சதவீதம் கூழாகும், கலர் தண்ணி கல்லாகும்.

23 ஏப்ரல்

ஃப்ரீசர் விஷயத்துல ரெண்டாவது யோசனை. எத்திலீன் கிளைக்கால் விஷம், குடிச்சா இனிக்கும். வளர்ந்த ஆளுக்கே 100 மில்லி உயிருக்கு உலை. குழந்தைங்க இருக்கிற வீட்டு ஃப்ரீசர்ல, குச்சி ஐஸ் பக்கத்துல, பச்சையா பிங்க்கா ஒரு பாட்டில். வேணாம். தராசோட நிறுத்திக்கோங்க. தராசையும் சீல் உடைக்காத பாட்டில்ல செய்யுங்க. எங்க வீட்டுல இதுக்கு ஏற்கனவே சண்டை நடந்தாச்சு.

29 ஏப்ரல்

ஃப்ளஷ் எப்படின்னு கேட்டவங்களுக்கு. கீழே இருக்கிற டிரெயின் பிளக்கைத் திறந்தா பாதிதான் வடியும், மிச்சம் பிளாக்குக்குள்ளயே நிக்கும். அதனால டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஃபேன் ஓடற வரைக்கும் ஓட்டி, நல்லா ஆற விட்டு, மறுபடி வடிக்கணும். வடியறது நிறமில்லாம வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப. குழாய்த் தண்ணியில ஃப்ளஷ் பண்ணிட்டுக் கடைசியில மட்டும் நல்ல கூலன்ட் ஊத்தறது வீண், உள்ளே நிக்கிற பாதி குழாய்த் தண்ணி.

இங்கே ஒரு கணக்கு இருக்கு. மொத்தக் கொள்ளளவு நாலரை லிட்டர்னு வச்சுக்கோங்க. வடிச்சப்புறமும் உள்ளே ரெண்டு லிட்டர் தண்ணி நிக்குது. அதுக்கு மேல ரெடி டு யூஸ் ஊத்தினா கிளைக்கால் 30 சதவீதத்தைக்கூடத் தொடாது. ஃப்ளஷ் பண்ணின வண்டிக்கு கான்சென்ட்ரேட் வாங்குங்க: ரெண்டேகால் லிட்டரை முதல்ல ஊத்தி, மிச்ச இடத்துக்கு டிஸ்டில்டு வாட்டர். உள்ளே நிக்கிற தண்ணியும் சேர்ந்து பாதிக்குப் பாதி ஆயிடும்.

நிரப்பும்போது ஹீட்டரைத் திறந்து வைங்க. ஆமா, ஹீட்டர். சென்னையில கார் வாங்கினதிலிருந்து அந்த நாபைத் திருப்பாதவங்கதான் எல்லாரும். பழைய மாடல் சிலதுல அதுக்குன்னு ஒரு வால்வு இருக்கும், மூடியே கிடந்தா பழைய கூலன்ட் ஹீட்டர்லயே தங்கிடும், ஏர் லாக்கும் ஆகும். முன்பக்கம் கொஞ்சம் ஏத்தமா நிறுத்தினா காத்து வெளியேற வசதி.

2 மே

வடிச்ச கூலன்டைத் தெருவுல விடாதீங்க. தெருநாய், பூனை நக்கும். உள்ளே போனா சிறுநீரகத்துல ஆக்சலேட் படிகமாகி நாலு நாள்ல கதை முடியும். எங்க ஷெட் பக்கத்துல ஒரு குட்டிக்கு அப்படி ஆச்சு, வெட் டாக்டர்கிட்ட போகிறதுக்குள்ள தாமதம். கசப்புச் சேர்த்த கூலன்ட்டும் வருது, எல்லாத்துலயும் இல்ல. மூடி போட்ட கேன்ல பிடிச்சு, பழைய ஆயில் எடுத்துக்கிற சர்வீஸ் சென்டர்ல கேட்டுக் கொடுத்துடுங்க. மழைநீர் வடிகால்லயும் வேணாம்.

6 மே

கத்திரி தொடங்கியாச்சு, கேள்வியும் கூடுது. "கூலன்ட் புதுசு, ஆனாலும் சிக்னல்ல சூடேறுது."

கூலன்டை விட்டுட்டு மூடியைப் பாருங்க. ஏப்ரல் 10ஆம் தேதி எழுதினேனே, கொதிநிலையைத் தூக்கற வேலை பெரும்பாலும் மூடியோடதுன்னு. ஸ்பிரிங் தளர்ந்த மூடி முன்னாடியே திறந்து கூலன்டை ரிசர்வ் டேங்குக்குத் தள்ளிடும். எண் பார்த்து அதே அழுத்தத்துல வாங்குங்க, கூடுதலா போட்டா பழைய ஹோஸும் பிளாஸ்டிக் தொட்டியும் பிளக்கும்.

அடுத்தது ஃபேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல நின்ன வண்டிங்கள்ல ஃபேன் மோட்டார் பேரிங்குல சேறு போய், மழைக்காலம் முழுக்க ஒண்ணும் தெரியாம, அடுத்த ஏப்ரல்ல ஏசி போட்டதும் மாட்டிக்கிச்சு. ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவுல காய்ஞ்ச சேறு வேற. பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் வீடுன்னா வெளிப்பக்கத் தகட்டையும் பாருங்க, உப்புக்காத்து தின்னு விரல் பட்டாலே பொடியும். உள்ளே தேவாமிர்தம் ஊத்தினாலும் தகடு இல்லாத ரேடியேட்டர் சூட்டை எங்கே கொட்டும்?

தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடாதீங்க. அந்தக் காலப் பழக்கம் அது. இன்ஜின் எப்பவும் சில்லுனு ஓடும், கம்ப்யூட்டர் கூடுதலா பெட்ரோல் ஊத்திக்கிட்டே இருக்கும், தேய்மானமும் கூடும்.

7 மே

சூட்டு முள்ளு நடுவுலயே நிக்குதேன்னு நிம்மதியா இருக்காதீங்க. பல வண்டிகள்ல அது ஒரு பெரிய இடைவெளிக்கு நடுவுலயே நிக்கிற மாதிரிதான் செஞ்சிருக்காங்க. சின்ன வண்டிங்கள்ல முள்ளே இல்ல, சிவப்பு விளக்கு மட்டும். விளக்கு எரிஞ்சப்புறம் வீடு வரைக்கும் ஓட்டினவங்கதான் ஹெட்டை லேத்துக்கு எடுத்துட்டுப் போறாங்க. வண்டி கம்ப்யூட்டரோட சாக்கெட்ல மாட்டற ஓபிடி கருவி ஒண்ணு வாங்கி ஃபோன்ல டிகிரியைப் பாருங்க.

19 மே

கலப்பு பத்தி. "மிச்சம் இருக்கிற பச்சையோட சிவப்பு சேர்த்தா வெடிக்குமா?" வெடிக்காது. சிலது ஒண்ணும் ஆகாது, மருந்தோட ஆயுள் மட்டும் குறையும். சிலது கெட்டுப்போகும்: ஃபோக்ஸ்வாகனோட பழைய ஜி11ஐயும் சிவப்பு ஜி12ஐயும் கலந்தா பழுப்புச் சேறு. அதுக்கப்புறம் அவங்களே கலந்தாலும் ஒத்துப்போற ஜி12 பிளஸ்னு ஊதா நிறத்துல கொண்டுவந்தாங்க. 'எல்லா வண்டிக்கும்'னு போட்ட யுனிவர்சல் கூலன்ட் அவசரத்துக்கு டாப்-அப் பண்ணலாம். முழுசா மாத்தும்போது கையேட்டு வகைதான்.

கையேட்டுல நாளும் இருக்கும். டொயோட்டா பிங்க் முதல் தடவை 1,60,000 கிலோமீட்டர், அப்புறம் 80,000. ரெண்டாவது தடவை ஏன் பாதி? முழுசா வடியாது, பழசு உள்ளே நிக்கும். ஃபேக்டரி நிரப்பறதும் நாம நிரப்பறதும் ஒண்ணு இல்ல.

20 மே

லாரி கூலன்ட் மலிவா கிடைக்குது, காருக்கு ஊத்தலாமான்னு மாதவரத்திலிருந்து கேள்வி. வேணாம். பெரிய டீசல்ல இரும்பு லைனர் நேரடியா தண்ணியில நிக்கும், அதிர்வுல குமிழி உடைஞ்சு துளை போடும். அதைத் தடுக்க நைட்ரைட் சேர்ப்பாங்க. இரும்புக்கு நல்லது, அலுமினியத்துக்கு அது வேலைக்காகாது.

3 ஜூன்

அமெரிக்காவிலிருந்து ஒருத்தர், ஓஏடி பேரையே எடுக்காதீங்க, ஆரஞ்சு கூலன்ட் என் இன்ஜினையே தின்னுடுச்சுங்கிறார். அந்தக் கதை பெரிசு. ஜெனரல் மோட்டார்ஸ் 1990கள் நடுவுல டெக்ஸ்-கூல்னு அந்த ஆரஞ்சு ஓஏடியைக் கொண்டுவந்தாங்க, அஞ்சு வருஷம், 1,50,000 மைல்னு. சில இன்ஜின்கள்ல மேனிஃபோல்டு கேஸ்கெட் போச்சு, சிலதுல சேறு கட்டிச்சு, வழக்கு போய் 2008ல சமரசம் ஆச்சு. அளவு குறைஞ்சு உள்ளே காத்து புகுந்த வண்டிங்கள்ல சேறு அதிகம்னு அப்போ நிறையப் பேசினாங்க. நமக்கு அதுல எடுத்துக்க ஒண்ணுதான்: டேங்க்ல மேல் கோடு, கீழ் கோடு எதுக்குன்னு பாருங்க. மூடின அமைப்பு அது, குறையக் கூடாது. குறைஞ்சா ஊத்தறதோட நிறுத்தாம எங்கே போகுதுன்னு தேடுங்க. வெளியே சொட்டல, ஆனா குறையுதுன்னா ஆயில் மூடிக்கு அடியில வெளிர் பழுப்பு நுரை இருக்கான்னு பாருங்க, காலையில ஸ்டார்ட் பண்ணினதும் டேங்க்ல குமிழி வருதான்னும்.

11 ஜூன்

ஆவடி நண்பர் எழுதியிருக்கார், வடிச்சதுல துருநிறத் தண்ணிதான் வந்ததாம். முழு அலுமினிய இன்ஜின்ல துரு எங்கிருந்துன்னு கேட்கிறார். சிலிண்டர் லைனர் இரும்புதான், ஆனா அதை அலுமினியத்துக்குள்ளயே வச்சு வார்த்திருப்பாங்க, கூலன்ட் படாது. வாட்டர் பம்ப் இம்பெல்லர், கோர் பிளக் இதுங்க இரும்பா இருந்தா அங்கிருந்து வரும். முந்தின ஓனர் லீக்கை அடைக்க ஸ்டாப்-லீக் பவுடர் போட்டிருந்தாலும் அந்த நிறம் வரும். ஹீட்டர் கோரைத் தனியா ஹோஸ் கழட்டி அலசச் சொல்லுங்க. ரெண்டு வாரம் ஓட்டிட்டு டேங்க்ல நிறம் மறுபடி மாறுதான்னு பார்த்துட்டு பிஎச் தாளை (அமிலமா காரமான்னு நிறம் மாறிக் காட்டற காகிதம்) விட்டு பிஎச் பாருங்க. 7க்குக் கீழே இறங்கினா இன்னொரு ஃப்ளஷ்.

மல்டிமீட்டர் இருந்தா ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொண்ணை உலோகம் தொடாம கூலன்ட்ல. 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா மருந்து தீர்ந்திருக்கு, இல்ல எங்கேயோ எர்த் கேபிள் சரியில்ல. ஸ்டீரியோ, ஃபாக் லைட் மாட்டினவன் எர்த்தை எங்கே கடிச்சு வச்சிருக்கான்னு முதல்ல தேடுங்க.

2 ஜூலை

இந்த விவாத இழையைப் பூட்டலாம்னு வந்தா எலெக்ட்ரிக் காருக்கு எந்த கூலன்ட்னு கேள்வி. பேட்டரியைச் சுத்தி ஓடறதுக்குச் சில கம்பெனி மின்சாரத்தை ரொம்பக் கம்மியாக் கடத்தற தனி வகை கேட்கிறாங்க. நம்ம இன்ஜின் கூலன்ட்ல இருக்கிற மருந்தே உப்பு, நல்லாவே கடத்தும். டேங்க் ஒரே மாதிரி தெரியுதேன்னு கையில இருக்கிறதை ஊத்திடாதீங்க, மூடி மேல ஒட்டின ஸ்டிக்கரைப் படிங்க. வாரண்டி இருக்கிற வண்டின்னா நீங்க திறக்கவே திறக்காதீங்க. மேற்கொண்டு கேட்கணும்னா வேற இழை ஆரம்பிங்க.